ஆணியில் தொங்கிய தூக்குப்போசி

என் மேஜையில் வெட்டிய பனியன் திரும்பி வந்ததில்லை என்று எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் சொல்லுவார்கள். அவர்கள் சொல்லாவிட்டால் நானே சொல்லுவேன். இருபது வருடத்துக்கு மேல் கட்டிங் மாஸ்டராக இருந்தவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மூலனூர்ச் சந்தையில் முருங்கைக்காய்க் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த கையால் கத்திரி பிடித்து, இருபது பேரை வேலை வாங்கினேன். அந்த இருபது பேரில் ஒருவர்கூட என்னிடம் வாதாடி ஜெயித்ததில்லை.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அந்தக் கடைசி வாக்கியம்தான்.

போன மாதம் செல்வராஜ் வீட்டுக்கு வந்திருந்தார். எனக்குப் பிறகு அதே கம்பெனியில் மாஸ்டராக இருந்து, இப்போது பெருமாநல்லூரில் ஒரு பெரிய யூனிட்டைப் பார்த்துக்கொள்கிறவர். காபியைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னார்:

"இப்பல்லாம் ஆளுங்க எதுக்கெடுத்தாலும் எதுத்துக் கேக்கறாங்க மாஸ்டருங்க. நானு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவேன். நாளையில இருந்து வர வேண்டாம்பேன். அதோட பேச்சு முடிஞ்சுதுங்க. எல்லாம் உங்ககிட்டக் கத்துக்கிட்டதுதானுங்க."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டு வக்கீல் அப்போது என்னோடு உட்கார்ந்திருந்தார். அவர் சிரித்தார்.

"பேச்சு முடிஞ்சுது, சரிங்க. நீங்க சொன்னது சரின்னு ஆச்சுங்களா? தர்க்க சாஸ்திரத்துல இத ஒரு பிழைன்னே எழுதி வெச்சிருக்காங்க. தடியக் காட்டுனா எதிராளி வாய மூடுவான், அவ்வளவுதானுங்க. சொன்னது நெசமாயிராது."

"தடியெடுத்தவன் தண்டல்காரனுங்க வக்கீலய்யா" என்று செல்வராஜ் சொல்லிவிட்டு, டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அவர் நிம்மதியாகப் போய்விட்டார். எனக்குத்தான் அன்றிலிருந்து தலைக்குள் நூல் சிக்கு விழுந்தது. பிரிக்கப் பிரிக்கச் சிக்கு கூடுகிறது.

ஐம்பதுகளின் ஆரம்பத்தில் நான் திருப்பூருக்கு வந்தேன். அதற்குள் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் ஆகியிருந்தன. தொழில் கற்றுக்கொண்ட கதையைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆறு மாதம் துணி தூக்கினேன், ஒரு வருடம் துணி விரித்தேன், பிறகு கத்திரி கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு மூன்று வருடம் பிடிக்கும். எனக்கு இல்லை.

சொல்ல வேண்டியது முதலாளியைப் பற்றித்தான். அவரைப் போல மரியாதை தெரிந்த மனிதரை நான் பார்த்ததில்லை. கூட்டுகிற அம்மாளைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். அவர் சத்தம் போட்டு எவரும் கேட்டதில்லை. அவருக்கு ஒரு வழக்கம் உண்டு.

கட்டிங் ஹாலின் சுவரில் ஆணி வரிசை இருந்தது. ஆளுக்கு ஓர் ஆணி. காலையில் வந்ததும் அவரவர் தூக்குப்போசியை அவரவர் ஆணியில் மாட்டுவோம். மத்தியானச் சோறு கொண்டுவருகிற மூடி போட்ட தூக்குப் பாத்திரம் அது. எந்த ஆணியில் போசி தொங்குகிறதோ அந்த ஆளுக்கு அன்று வேலை உண்டு என்று அர்த்தம். முதலாளியிடம் யாராவது எதிர்த்து வாதாடினால், அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பார். தலையைக்கூட ஆட்டுவார். பிறகு மெல்ல நடந்துபோய் அந்த ஆளின் போசியை இரண்டு கையாலும் எடுப்பார். குழம்பு சிந்தாமல் வாசல்வரைக்கும் கொண்டுபோய், கேட் பக்கத்து வேப்பமரத்தடியில் வைப்பார். எறும்பு ஏறாத இடமாகப் பார்த்துத்தான் வைப்பார்.

என் போசி ஒரே ஒரு தடவை அப்படிப் போனது. நான் கத்திரி பிடித்த முதல் வருடம். புது அளவுக்கு அட்டை வந்திருந்தது. பனியன் வடிவத்தில் வெட்டிய கெட்டி அட்டை. அதைத் துணிமேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு வெட்டுவோம். அந்த அட்டையில் அக்குள் இறக்கம் போதாது என்று எனக்குப் பட்டது. சொன்னேன்.

"அட்டை சரியில்லீங்கறீங்களா கண்ணு?" என்றார் முதலாளி.

"ஆமாங்க. போட்டா அக்குள் இறுக்குமுங்க."

தலையை ஆட்டினார். நடந்தார். என் போசியை எடுத்து மூடியைத் தொட்டுப் பார்த்தார்.

"பழைய சோறுங்களா? வெயில் ஏறுனாப் புளிச்சுரும் கண்ணு. நெழல்ல வெக்கறேன். ஊட்டுக்குப் போறப்ப மறக்காம எடுத்துக்குங்க."

நான் பின்னாலேயே ஓடினேன். "அட்டை சரியாத்தானுங்க இருக்குது" என்றேன். அவர் அதே இரண்டு கையால் போசியைத் திருப்பிக் கொண்டுவந்து என் ஆணியில் மாட்டிவிட்டு, "சாப்புடுங்க கண்ணு" என்றார்.

அந்த அட்டையில் ஆயிரக்கணக்கில் வெட்டினோம். ஒன்றுகூடத் திரும்பவில்லை. அதனால் அட்டை சரி, நான்தான் தப்பு என்று முடிவு செய்துகொண்டேன். போசி வெளியே போனால் அந்தப் போசிக்காரன் பக்கம் தப்பு இருக்கிறது என்று மனதில் பதிந்துவிட்டது. நான் மட்டுமல்ல, ஹாலில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். இப்போது யோசித்தால், வாங்கியவர்கள் இறுக்கத்தோடு போட்டுக்கொண்டு சும்மா இருந்தார்களோ என்னமோ. அக்குள் இறுக்குகிறது என்று யார் கடிதம் எழுதுவார்கள்?

நான் மாஸ்டரானதும் போசி எடுக்கிற வேலையை முதலாளி எனக்கு விட்டுவிட்டார். உள்ளதைச் சொன்னால், அவரைவிட நான் அதில் கெட்டிக்காரன். அவருக்கு வாசல்வரை போக வேண்டியிருந்தது. நான் ஆணியைப் பார்த்தாலே போதும்.

இனி முத்துச்சாமியின் விஷயத்துக்கு வருகிறேன்.

சாமளாபுரத்துக்காரன். பரம்பரையாகத் தறி நெய்த குடும்பம். தறியில் வருமானம் போதாமல் பனியனுக்கு வந்தவன். என் ஹாலில் நல்ல கத்திரி அவனுடையதுதான், எனக்கு அடுத்தபடியாக. மெலிந்த ஆள், பேச்சே கிடையாது. துணியைக் கையால் பார்க்காமல் கன்னத்தில் வைத்துப் பார்ப்பான்.

பனியன் துணி சலவையாகி வந்ததும், சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு இழுத்துத் தேய்ப்பார்கள். காலண்டர் போடுவது என்போம். சூட்டில் இழுபட்ட துணி நீண்டுபோயிருக்கும். அதைப் பலகைமேல் தளர்வாக மடித்துப் போட்டு ஆற வைக்க வேண்டும். துணி தானாகச் சுருங்கித் தன் அளவுக்கு வந்த பிறகே கத்திரி வைக்க வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால், வாங்கியவன் முதல் தடவை துவைத்ததும் பனியன் தொப்புளுக்கு மேலே ஏறிவிடும். இரண்டு நாள் ஆற வைப்பது எங்கள் வழக்கம்.

அறுபதுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மாதம். விடாத தூறல். மதுரை வியாபாரி ஒருவருக்குச் சரக்கு போக வேண்டும். துணி காலண்டரிலிருந்து வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. ஒரு நாள் போதாதா என்று முதலாளி என்னிடம் கேட்டார். "தாராளமாப் போதுமுங்க" என்றேன். மாஸ்டரிடம் கேட்டால் மாஸ்டருக்குத் தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

ஹாலுக்கு வந்து வெட்டச் சொன்னேன். முத்துச்சாமி துணியைக் கன்னத்தில் வைத்தான்.

"இன்னும் ஆறலீங்க மாஸ்டருங்க."

"மேல தொட்டுப் பாரப்பா, ஜில்லுன்னு இருக்குது."

"மேல ஜில்லுன்னு இருக்குமுங்க. அடி மடிப்புல கைய உடுங்க, வெதுவெதுன்னு இருக்குது. மழைக்காலமுங்க. ரெண்டு நாளே பத்தாதுங்க."

கையை விட்டேன். வெதுவெதுப்பாக இருந்ததா இல்லையா? இத்தனை வருடம் கழித்து என் கையைக் கேட்கிறேன், கை பதில் சொல்லவில்லை. அன்றைக்குக் கையை உருவி வேட்டியில் துடைத்துக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது. இருபது பேர் கத்திரியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஆணி வரிசைக்குப் போனேன். முத்துச்சாமியின் போசியை எடுத்தேன். கனமாக இருந்தது, அன்று அமாவாசைச் சமையலோ என்னவோ.

முத்துச்சாமி போசியைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.

"ஆமாங்க" என்றான். "ஆறிருச்சுங்க."

வெட்டினான். சரக்கு போனது. மதுரையிலிருந்து ஒரு குறையும் வரவில்லை. 'அளவு பிரமாதம்' என்று வியாபாரி எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை நான்கு பேருக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு நாள் போதும் என்று கண்டுபிடித்தவன் நான்! மதுரைச் சரக்குக்கு அதுவே சட்டமாயிற்று. கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் ஒரு நாள் ஆற வைத்து, முத்துச்சாமியையே வெட்டவைத்தேன். எல்லாம் சரியாகப் போனது.

ஒன்றே ஒன்று இடித்தது. வழக்கமாக அவ்வளவு துணியில் வருகிற பனியனைவிட இரண்டு மூன்று டஜன் குறைந்து வந்தது. துணி எங்கே போனது? சலவைப் பட்டறைக்காரரைக் கூப்பிட்டேன்.

"துணிய எங்கீங்க உட்டீங்க?"

"நானு உடலீங்களே மாஸ்டருங்க."

"அப்ப அடுத்த லாட் வேற பட்டறைக்குப் போகுமுங்க."

"ஆமாங்க," என்றார், "தண்ணியில கொஞ்சம் போயிருக்குமுங்க." அதோடு அந்தச் சந்தேகமும் தீர்ந்தது. எனக்கு அப்படித்தான் தோன்றியது.

தைப்பூசத்துக்கு முத்துச்சாமி குடும்பத்தோடு காவடி எடுத்துப் பழநிக்கு நடந்து போனான். அவன் இல்லாத நாட்களில் சுப்பையன் என்கிற ஆள் ஒரு லாட் துணியை வெட்டினான். அதே அளவு, அதே ஒரு நாள். பத்துப் பன்னிரண்டு நாளில் மதுரையிலிருந்து மூட்டைகள் திரும்பி வந்தன.

முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் துவைத்த பனியன் ஒன்று கிடந்தது. "போட்டுப் பாருங்க கண்ணு" என்றார். அவர் எதிரிலேயே சட்டையைக் கழற்றிவிட்டுப் போட்டேன். என் தொப்புள் தெரிந்தது.

"ஒரு நாள் போதும்னு சொன்னது நீங்கதானுங்களே" என்றார். "இன்னொரு லாட் நேத்துக் காலண்டருல இருந்து வந்துருக்குது. அதே மதுரைக்காரருக்குத்தான். லாரி சாயங்காலம். ஒரு நாள் ஆச்சு. வெட்டலாமுங்களா? யோசிச்சு மத்தியானத்துக்குள்ள சொல்லுங்க. இதுவும் திரும்புச்சுன்னா..." ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்தார்.

வீட்டில் அப்போது நான்கு பிள்ளைகள். எனக்குத் தெரிய வேண்டியது ஒரே விஷயம். ஒரு நாள் போதுமா, போதாதா? தெரிந்த ஆட்கள் இருபது பேர் ஹாலில் நின்றார்கள். போய்க் கேட்டேன்.

சுப்பையனிடம் ஆரம்பித்தேன். "அந்தத் துணி ஆறியிருந்துச்சா?"

"ஆமாங்க, ஆறியிருந்துச்சுங்க."

"ஆறியிருந்தா எப்பிடிச் சுருங்கும்? ஆறாமத்தானே இருந்துருக்கும்?"

"ஆமாங்க, ஆறாமத்தானுங்க இருந்துச்சு."

"ஏப்பா, ரெண்டுல எது?"

"நீங்க எதச் சொல்றீங்களோ அதுதானுங்க மாஸ்டருங்க."

ஒவ்வொரு மேஜையாகப் போனேன். என் கேள்வி எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கமே பதிலும் சாய்ந்தது. அதட்டிக் கேட்டேன், கெஞ்சிக் கேட்டேன். இருபது 'ஆமாங்க' கிடைத்தது. எடைக்கல் மாதிரி நம்பியிருந்த ஆட்கள் எல்லோரும் தராசு முள் மாதிரி என் மூச்சுக்கே ஆடினார்கள். அப்படி ஆடப் பழக்கியது நான்தான் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. எல்லோரும் சேர்ந்து என்னை ஏமாற்றுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

கடைசியில் முத்துச்சாமியிடம் வந்தேன். மூன்று நாள் முன்புதான் பழநியிலிருந்து திரும்பி வந்திருந்தான். மொட்டைத் தலையில் முடி குத்திட்டு நின்றது.

"முத்துச்சாமி, ஐப்பசியில நீ சொன்னதுதான் சரியா?"

"இல்லீங்க. நீங்க சொன்னதுதானுங்க சரி. சரக்கு நல்லாத்தானுங்களே போச்சு."

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. என் ஆணியிலிருந்து என் போசியை நானே எடுத்தேன். எல்லோரும் பார்க்க வாசலுக்குக் கொண்டுபோய் வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு வந்தேன். "இப்ப உங்க போசியெல்லாம் உள்ள இருக்குது, என்னுது வெளிய இருக்குது. இனி பயப்படாமச் சொல்லுங்க" என்றேன்.

ஹாலே அரண்டுபோனது. "ஐயோ மாஸ்டருங்க, நீங்க போயிட்டா நாங்க என்னுங்க பண்றது? நீங்க சொன்னது அத்தனையும் சரிதானுங்க!" என்று சுப்பையன் அழுகிற மாதிரி ஆகிவிட்டான். என் போசியை வெளியே வைத்ததையும் புது மிரட்டலாகவே எடுத்துக்கொண்டார்கள். முத்துச்சாமி மட்டும் வெளியே போய், என் போசியை எடுத்துவந்து, மூடியில் ஏறியிருந்த எறும்பை ஊதிவிட்டு, என் ஆணியில் மாட்டினான்.

"போசிய வெளிய வெச்சாத் துணி சீக்கரம் ஆறுமுங்களா?" என்றான்.

என்னைக் கேலி செய்தானா, நிஜமாகவே கேட்டானா என்று தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை. நான் கோபத்தில் திரும்பியபோது அவன் மேஜைமேல் கிடந்த அட்டை கண்ணில் பட்டது. அது அவன் மட்டும் எடுக்கிற அட்டை. சுப்பையன் வெட்டியது வேறு மேஜையில், வேறு அட்டையில். முத்துச்சாமியின் அட்டையில் அடி ஓரத்துக்குக் கீழே ஒரு துண்டு அட்டை ஒட்டியிருந்தது. அதில் ஒரு விரல் அகலம் தள்ளி மங்கலாக ஒரு பென்சில் கோடு.

ஒரு விரல் அகலம் நீளம் கூட்டி வெட்டினால், துணி ஒரு விரல் சுருங்கிச் சரியான அளவுக்கு வரும். இரண்டு மூன்று டஜனும் குறையும்.

"இந்தக் கோடு நீ போட்டதா?"

"ஆமாங்க."

"இல்ல, முன்னாடி இருந்த ஆளு வேற அளவுக்குப் போட்டு வெச்சதா?"

"ஆமாங்க, இருக்குமுங்க."

எனக்குத் தலை சுற்றியது. ஆனாலும் ஏதோ ஒன்று புரிந்த மாதிரி இருந்ததால் முதலாளியிடம் போனேன். "ஒரு நாள் பத்தாதுங்க. இன்னொரு நாள் ஆறட்டுமுங்க" என்றேன். இந்த ஒன்றையாவது நான் தைரியமாகச் சொன்னேன், அதை எழுதிவைக்க வேண்டும்.

முதலாளி எல்லாவற்றையும் கேட்டார். தலையை ஆட்டினார். "லாரி சாயங்காலமுங்களே கண்ணு" என்றார். பிறகு எழுந்து ஹாலுக்கு நடந்தார். என் ஆணியருகே நின்றார். இரண்டு கையாலும் என் போசியை எடுத்தார். ஒரே நாளில் அந்தப் போசி இரண்டாம் தடவை வாசலைப் பார்த்துக் கிளம்பியது.

அவர் ஹாலின் பாதியைத் தாண்டவில்லை. "ஆமாங்க" என்றேன். "ஆறிருச்சுங்க. வெட்டிரலாமுங்க."

இருபது பேரும் குனிந்து கத்திரியைப் பார்த்துக்கொண்டார்கள். எவரும் சிரிக்கவில்லை. முதலாளி போசியை மாட்டிவிட்டு, "சாப்புடுங்க கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் முத்துச்சாமியின் மேஜைக்குப் போனேன்.

"லாட் முழுக்க நீயே வெட்டு" என்றேன்.

"எப்பிடிங்க வெட்டறது?"

"எப்பவும் வெட்டற மாதிரி."

"ஆமாங்க" என்றான்.

துணிமேல் அட்டையை வைத்தான். பென்சிலை எடுத்தான். அவன் விரல் அட்டையின் அடி ஓரத்துக்குப் போனது. நான் திரும்பி ஜன்னல் பக்கம் நின்றுகொண்டேன். பார்த்திருந்தால் எந்தக் கோட்டில் வெட்டினான் என்று தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால், முதலாளி கேட்கும்போது சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால் எந்தப் போசி வாசலுக்குப் போயிருக்கும்?

அந்தச் சரக்கு திரும்பவில்லை. 'பழையபடி அளவு பிரமாதம்' என்று மதுரையிலிருந்து எழுதினார்கள். முதலாளி, தப்பு சுப்பையன் கத்திரியில்தான் என்று முடிவுகட்டி, கடைசிவரைக்கும் ஒரு நாள் போதும் என்றே நம்பினார். வெளியூர் ஆட்கள் வந்தால், "எங்க மாஸ்டர் கண்டுபுடிச்சதுங்க" என்று என்னைக் காட்டுவார். நானும் நெஞ்சை நிமிர்த்துவேன். அதன் பிறகு எல்லா லாட்டையும் முத்துச்சாமி மேற்பார்வையில்தான் வெட்டவிட்டேன். அட்டையை நான் எடுத்துப் பார்த்ததே இல்லை.

வக்கீல் சொன்ன நாளிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறேன். என் வாழ்க்கையில் நான் ஜெயித்த வாதங்கள் நிறைய. அதில் எது நான் சொன்னது சரியாக இருந்ததால் ஜெயித்தது? எது ஆணியைப் பார்த்ததால் ஜெயித்தது? மிரட்டினதால் மட்டும் நான் தப்பு என்றும் ஆகிவிடாதே! அந்த அக்குள் அட்டை சரியாகவே இருந்திருக்கலாம். சலவைக்காரர் நிஜமாகவே துணியை விட்டிருக்கலாம். யாரைப் போய்க் கேட்பது? கேட்க வேண்டிய ஆட்கள் எல்லோருடைய வாயையும் நானே தைத்து வைத்திருந்தேன். அதுவும் பிரிக்க வராத தையல்.

எழுபதுகளின் கடைசியில் என் வலது கட்டைவிரல் மரத்துப்போய், கையில் கத்திரி நிற்காமல் போனபோது வேலையை விட்டேன். கட்டிங் ஹாலிலேயே மாலை போட்டார்கள். முத்துச்சாமியையும் பேசச் சொன்னார்கள். "மாஸ்டர் சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்று ஒரே வரி பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டான். எல்லோரும் கை தட்டினார்கள். நான் ஆணி வரிசையைப் பார்த்தேன். எல்லாப் போசிகளும் தொங்கிக்கொண்டிருந்தன, என்னுடையதைத் தவிர. அன்று நான் போசி கொண்டுபோகவில்லை.

கூட்டம் கலைந்ததும் முத்துச்சாமியைத் தனியாகப் பிடித்தேன்.

"முத்துச்சாமி, இனிமே நான் மாஸ்டர் இல்ல. உன் போசியத் தொட எனக்கு அதிகாரம் இல்ல. இப்பவாவது சொல்லப்பா. அந்தக் கோட்டுலதான் வெட்டுனியா?"

அவன் என்னை நேராகப் பார்த்தான். அத்தனை வருடத்தில் அவன் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எந்தக் கோடுங்க?" என்றான்.

பிறகு ஆணிக்குப் போய்த் தன் போசியைத் தானே எடுத்துக்கொண்டு, வேப்பமரத்தைத் தாண்டி, சாமளாபுரம் பஸ்ஸைப் பிடிக்க நடந்தான். வேலை நேரம் முடிந்திருந்தது.